நீலம் ஏறாத பலகை

ஜெபல் அலி, துபாய்
20 பெப்ரவரி 2025

தங்கச்சி கஜாலினி,

வட்ஸ்அப்பிலை என்னைத் தடுத்து வைச்சிருக்கிறாய். அண்டைக்குப் போனிலை நான் கத்தினது பிழையெண்டால் நீ பாதியிலை வெட்டினதும் பிழைதான். ஈமெயிலைத் தடுக்க மறந்துபோனாய், அதாலை எழுதிறன். முழுக்க வாசி.

அம்மா மானிப்பாயிலையிருந்து அழுதுகொண்டு எடுத்தவ. "தங்கச்சி வேலையை விட்டிட்டாளாம் தம்பி, ஏதோ வண்டாலையாம்" எண்டா. நான் அவவுக்கு என்னத்தைச் சொல்லிறது? வண்டு கடிச்சுப்போட்டுதெண்டோ? கனடாவிலை காட்டிலை வேலை எண்டு ஊரெல்லாம் பெருமையாச் சொல்லிக்கொண்டு திரிஞ்ச மனிசி இப்ப கோயிலுக்குப் போகவும் வெக்கப்படுறா.

உன்ரை கம்பனி உன்னட்டைக் கேட்டது ஒரு அறிக்கையிலை ஒரு கையெழுத்து. அந்த மலையிலை இருக்கிற பைன் மரமெல்லாம் வண்டு பிடிச்சது, வெட்டலாம் எண்டு. நீ ஏலாதெண்டு எழும்பி வந்திட்டாய். நான் இஞ்சை மர யார்டிலை ஒவ்வொரு நாளும் எத்தினையிலை கையெழுத்து வைக்கிறன் தெரியுமோ? எல்லாம் மனச்சாட்சியோடையோ? டியூட்டி எண்டால் டியூட்டி, அவ்வளவுதான்.

இன்னொண்டு. போன வருஷம் நீதானே சொன்னாய், உங்கடை பக்கம் வண்டு பிடிச்சுச் செத்த பைன் மரத்திலை நீலக் கோடு விழும், பலகை பாக்க நல்ல வடிவு, வாங்க ஆளில்லாமல் கிடக்குதெண்டு. நான் அதை முதலாளி சாதிக் பாட்ஷாவிட்டைச் சொன்னன். அவர் ஒரு புது ஹோட்டலுக்குச் சுவர்ப் பலகை அடிக்கிற வேலையை அதை வைச்சுத்தான் பிடிச்சவர். "ஒரு உயிர் மரமும் வெட்டாமல் கட்டின மண்டபம்" எண்டு ஹோட்டல்காரர் போர்டு வைக்கப்போகினம். அதாலைதான் என்னைக் கொள்வனவு மேனேஜர் ஆக்கினவர். அந்தப் பதவி வந்தபடியாலைதான் வத்சலாவையும் பிள்ளையளையும் இஞ்சை கூப்பிட விசா கிடைச்சது. மரம் கப்பல் ஏறுற நேரமாப் பாத்து நீ அதே கம்பனியோடை சண்டை பிடிச்சிருக்கிறாய்.

திரும்பிப் போய்க் கதை. மன்னிப்புக் கேக்க வேண்டாம், கதை. இவ்வளவும் ஒரு வண்டுக்காகவோ எண்டு நீயே உன்னை ஒருக்கால் கேட்டுப்பார்.

அண்ணா
துஷாந்தன்


ஹார்லன் க்ரீக், பிரிட்டிஷ் கொலம்பியா
2 மார்ச் 2025

அண்ணாவுக்கு,

நான் எழுத்துத் தமிழில் எழுதினால் கோபமாக இருக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். இந்தக் கடிதம் முழுவதும் எழுத்துத் தமிழில்தான் இருக்கும்.

வண்டுக்காகவோ என்று கேட்டீர்கள். ஆம், வண்டையும் சேர்த்துத்தான். நீங்கள் சிரித்தாலும் சொல்கிறேன். அரிசிமணி அளவு கறுப்பு வண்டு அது. வெளியிலிருந்து வந்ததல்ல. இந்தப் பைன் மரங்கள் எவ்வளவு காலமாக இங்கே நிற்கின்றனவோ அவ்வளவு காலமாக அதுவும் இருக்கிறது. பட்டையைத் துளைத்து உள்ளே போய் முட்டை இடும். சாதாரண காலத்தில் அது தேடிப் போவது இடி விழுந்த மரம், காற்றில் சரிந்த மரம், முதுமையால் தளர்ந்த மரம். அப்படி ஒன்று சாய்ந்தால் அந்த இடத்தில் வெயில் விழும், கன்றுகள் எழும். செத்து நிற்கும் மரத்தில் மரங்கொத்தி புழு பொறுக்கும், பிறகு அதிலேயே கூடு குடையும். உழுத்த கட்டை மண்ணுக்குச் சத்தாகும். இந்த வேலையைச் செய்ய இங்கே வேறு யாரும் இல்லை.

அது எப்போதும் நல்லபிள்ளை என்று நான் சொல்லவில்லை. மழை பொய்த்து, குளிரும் குறைந்து போனால் பெருகி மலை மலையாகக் கொன்றுவிடும். இங்கே வடக்கு முகட்டில் நடந்தது அதுதான். ஒரே வயது மரங்கள், நெருக்கமாக, தண்ணீர் இல்லாமல் நின்றவை. போய்விட்டன. அவற்றை வெட்டுங்கள் என்று நானே எழுதிக் கொடுத்தேன். உங்கள் ஹோட்டலுக்கு வர வேண்டிய நீலப் பலகை அங்கே இருக்கிறது.

ஏரிப் பக்கச் சரிவு வேறு. வண்டு அங்கேயும் போனது. மரங்கள் பிசினைக் கக்கி அதைத் துளையிலேயே மூழ்கடித்துவிட்டன. பட்டை முழுக்க பிசின் கட்டிகள், மேலே பச்சை இலை. சண்டை பிடித்து வென்ற மரங்கள் அண்ணா. நாளைக்கு இந்தக் காடு திரும்ப எழும்ப வேண்டுமென்றால் விதை அவற்றிலிருந்துதான் வர வேண்டும்.

என் அறிக்கையில் இரண்டு பிரிவு இருந்தது. தாக்கப்பட்டு இறந்தவை, தாக்கப்பட்டும் தப்பியவை. கம்பனி இரண்டையும் ஒன்றாக்கி "தாக்கப்பட்டவை" என்று ஒரே சொல்லாகத் திருத்தி என் முன்னால் வைத்தது. செத்த மரத்தையும் சாகிற மரத்தையும் வெட்டத்தான் அனுமதி. அந்த ஒரு சொல்லால் ஏரிச் சரிவு முழுவதும் வெட்டலாம் என்று ஆகிவிடும். "என்ன வித்தியாசம், துளை துளைதானே" என்றார் மேலாளர். மூன்று வருடம் அந்த மரங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தவளிடம் வந்து கேட்கிறார்.

இப்போது இந்த ஊர்ப் பலசரக்குக் கடையில் நிற்கிறேன். ஜூலையில் காட்டு விசாரணைக் குழு கூடுகிறது. நான் போய்ப் பேசுவேன். கோபித்துக்கொண்டு போனவள் என்று கம்பனி இப்போதே ஊரில் சொல்லி வைத்திருக்கிறது.

அம்மாவிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

கஜாலினி


ஜெபல் அலி
14 மே 2025

கஜாலினி,

உன்ரை கடிதத்தை வாசிச்சுப்போட்டு ரெண்டு மாசமாப் பதில் எழுதேல்லை. எழுதியிருந்தால் கெட்ட வார்த்தைதான் வந்திருக்கும். இப்பவும் நல்ல வார்த்தை சொல்ல எழுதேல்லை. என்ரை ஆத்திரத்தை ஆரிட்டையாவது கொட்ட வேணும், அதுக்கு உன்னை விட்டால் ஆளில்லை.

மரம் வந்திட்டுது. கொண்டெய்னரைத் திறந்தால் எல்லாம் வெள்ளை. நீலமும் இல்லை, ஒரு கோதாரியும் இல்லை. பால் மாதிரி வெள்ளைப் பலகை! நீலம் எண்டு பேசி, நீலம் எண்டு எழுதி, நீலச் சாம்பிள் காட்டி ஓர்டர் எடுத்த சாமான். உங்கடை கம்பனிக்கு எழுதிக் கேட்டால், "வெள்ளைதானே உயர்ந்த தரம், சந்தோசப்படுங்கோ" எண்டு பதில் போடுறாங்கள்.

அதோடை முடிஞ்சுதோ? இஞ்சை இப்பவே வெயில் தகிக்குது. ஷெட்டுக்கை அடுக்கி வைச்ச பலகையெல்லாம் பிசின் வடிக்கத் தொடங்கிட்டுது. மரம் அரியிற வாள் இழுபடுதில்லை, உளி ஒட்டுது. தச்சு வேலை செய்யிற பெஷாவர்க்காரர் என்னைக் கண்டால் "துஷான் பாய், யே லக்டி நஹீ, ஷஹத் ஹை" எண்டு பகிடி பண்ணுறார். மரமில்லையாம், தேனாம். என்ரை சேட்டுக் கை ரெண்டிலையும் பிசின். வத்சலா தோய்ச்சுத் தோய்ச்சுக் களைச்சுப்போய், "உங்கடை தங்கச்சியின்ரை காடு எங்கடை வோஷிங் மெஷினுக்கையும் வந்திட்டுது" எண்டு புறுபுறுக்கிறாள்.

முதலாளி ஒரு கிழமையா முகம் குடுத்துக் கதைக்கிறேல்லை. கொண்டு வந்தது நான், சிக்கலும் என்ரை தலையிலை. ஹோட்டல்காரர் வந்து பாக்கப்போகினம். என்ன சொல்லுறது எண்டு தெரியேல்லை.

நல்ல இடம் காட்டினாய் போ.

துஷாந்தன்


ஹார்லன் க்ரீக்
14 மே 2025

அண்ணா,

உங்கள் கடிதம் வந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கடையில் ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள், நான் பின் அறையில் நின்று எழுதுகிறேன்.

தயவுசெய்து ஒன்று செய்யுங்கள். பலகைகளில் பட்டை ஓரம் ஒட்டியிருப்பவற்றைத் தேடிப் பாருங்கள். அடுக்கில் சில கட்டாயம் இருக்கும். மரத்தின் நடுப்பகுதியில் எப்போதும் நீலம் ஏறாது, அதைப் பார்த்துப் பயன் இல்லை. பட்டைக்கு அடுத்து உள்ள வெளிப்பகுதியில்தான் ஏறும். வண்டு உள்ளே போகும்போதே ஒரு பூஞ்சையைக் கொண்டுபோகும், அதுதான் நீலம். வண்டு கொன்ற மரமென்றால் வெளிப்பகுதி நீலமாகத்தான் இருக்க வேண்டும். சூளையில் காயவைத்தாலும் போகாது, சீவினாலும் போகாது. பட்டை ஓரத்திலும் வெள்ளை என்றால் அந்த மரம் வெட்டும்போது உயிரோடு நின்றது.

பிசின் வழிகிறது என்று திட்டியிருக்கிறீர்கள். அவ்வளவு பிசின் எந்த மரத்தில் இருக்கும், யோசியுங்கள். ஏரிச் சரிவை வெட்டத் தொடங்கிவிட்டார்கள், அண்ணா. விசாரணைக்கு முதலே. உள்ளே போக எனக்குத் தடை, அதனால் யாருக்கும் தெரியவில்லை. உங்கள் யார்டில் கிடக்கிறது அந்தச் சரிவு.

நீங்கள் பார்த்ததை எழுதி, படத்தோடும் சில துண்டுகளோடும் விசாரணைக் குழுவுக்கு அனுப்புவீர்களா? வாங்கியவரின் வார்த்தை. கோபித்துக்கொண்டு போன பெண்ணின் வார்த்தையைவிட அது எடுபடும்.

கஜாலினி


ஜெபல் அலி
19 மே 2025

கஜாலினி,

பாத்தன். என்ன கண்டனான் எண்டு எழுத மாட்டன். எழுதினால் நீ அதைத் தூக்கிக்கொண்டு ஓடுவாய்.

உனக்கு எல்லாம் லேசு. நீ வேலையை விட்டால் பலசரக்குக் கடையிலை நிக்கலாம். உன்னை ஆரும் நாட்டை விட்டுப் போ எண்டு சொல்ல மாட்டினம். என்ரை வேலை போனால் விசா போகும், என்ரை விசா போனால் மூண்டு பேற்றை விசாவும் போகும். வீட்டு வாடகை, பிள்ளையளின்ரை பள்ளிக்கூடம், எல்லாம் கலாஸ், முடிஞ்சுது. மகள் சந்தியாவுக்கு இப்பதான் ஒரு சிநேகிதப் பிள்ளை கிடைச்சிருக்கு. ஒவ்வொரு நாளும் அவளைப் பற்றி இங்கிலீசிலை கதைச்சுக்கொண்டே இருக்குது. அதை இழுத்துக்கொண்டு நான் எங்கை போக?

முதலாளியின்ரை சாமானைப் பிழையெண்டு முதலாளிக்குத் தெரியாமல் வெளிநாட்டுக்கு எழுதச் சொல்லுறாய். அதுக்கு இஞ்சை என்ன பேர் தெரியுமோ?

மரம் வெட்டியாச்சு. கடல் தாண்டி வந்தும் ஆச்சு. நான் எழுதினால் திரும்ப முளைக்கவோ போகுது?

இனி இதைப் பற்றிக் கேளாதை.

துஷாந்தன்


ஹார்லன் க்ரீக்
8 ஜூன் 2025

அண்ணாவுக்கு,

கேட்க மாட்டேன். இது கேட்பதற்கான கடிதம் இல்லை.

நேற்று ஏரிச் சரிவுக்குப் போனேன். தடை இருக்கிறது என்று தெரிந்தேதான் போனேன். பழைய மான் பாதை ஒன்று உண்டு, காவலுக்கு நிற்பவர்களுக்கு அது தெரியாது. மேல் பாதியில் ஒன்றும் இல்லை. அடிக்கட்டைகள்தான். ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தேன். எல்லாம் சுத்த வெள்ளை, ஓரத்தில் பிசின் முத்து முத்தாக நிற்கிறது. வேர் இன்னும் அனுப்பிக்கொண்டிருக்கிறது, மேலே மரம் இல்லை என்று அதற்குத் தெரியாது. உட்கார்ந்து அழலாம் என்று பார்த்தேன். அழுகை வரவில்லை, பல்லைக் கடித்துக் கடித்துத் தாடைதான் வலித்தது.

படம் எடுத்துக்கொண்டு கீழே இறங்கும்போது பிடித்துவிட்டார்கள். அத்துமீறி நுழைந்தாள் என்று பொலீசில் முறைப்பாடு. என் வழக்கறிஞர், இலவசமாக வந்து உதவும் ஒரு நல்ல மனுஷி, இனி அந்தப் படங்களை விசாரணையில் காட்டுவது கடினம் என்கிறாள். காட்டினாலும் எந்தக் காட்டின் அடிக்கட்டை என்று கம்பனி கேட்குமாம். நான் மூன்று வருடம் எழுதியவை கம்பனியின் சொத்து. நான் பார்த்தது அத்துமீறல். என்னிடம் மிஞ்சியிருப்பது என் வாய் மட்டும்தான், அது கோபக்காரியின் வாய் என்று ஏற்கெனவே முடிவாகிவிட்டது.

நீங்கள் எழுதியது சரிதான். எனக்கு லேசு. உங்களுக்கு இருக்கும் பாரம் எனக்கு இல்லை. நீங்கள் உழைத்து அனுப்பிய காசில், உங்கள் பாரத்தில்தான் நான் படித்தேன். அதனால் உங்களிடம் கோபப்படக்கூட எனக்கு உரிமை இல்லாமல் இருக்கிறது, அதுதான் எனக்கு எல்லாவற்றிலும் பெரிய எரிச்சல்.

சந்தியாவின் சிநேகிதியின் பெயர் என்ன?

கஜாலினி


ஜெபல் அலி
26 ஜூன் 2025

கஜாலினி,

அவளின்ரை பேர் ரம்ஸியா. காயல்பட்டினத்துப் பிள்ளை.

இனி நடந்ததைச் சொல்லுறன். இடையிலை நீ ஒண்டும் நினைக்காமல் கடைசி வரைக்கும் வாசி.

திங்கக்கிழமை ஹோட்டல் ஆக்கள் யார்டுக்கு வந்தவை. வடிவமைக்கிற ஒரு லெபனான் மனிசி, அவவோடை உள்வேலை எஞ்சினியர் அன்பரசன், தஞ்சாவூர்ப் பக்கம். வாறதுக்கு முதல் முதலாளி என்னைக் கூப்பிட்டார். அவர் கெட்ட மனிசன் இல்லை, நீ அப்பிடி நினைக்காதை. கொரோனா நேரம் ஒருத்தரையும் வேலையாலை நிப்பாட்டாமல் சாப்பாடு போட்டவர். அவர் சொன்னார், "தம்பி, அந்த மில்லுக்காரன் எழுதியிருக்கான், சூளையில நீலம் வெளுத்துப் போச்சாம். நமக்கென்ன தெரியும், அவன் சொன்னதை நீங்க சொல்லுங்க. செத்த மரந்தான், நீலம் வெளுத்துருச்சு. அம்புட்டுத்தான்."

நான் ஓமெண்டும் சொல்லேல்லை, இல்லையெண்டும் சொல்லேல்லை. தலையை ஆட்டினன்.

அந்த மனிசிக்கு வெள்ளைப் பலகை பிடிச்சிட்டுது. தடவித் தடவிப் பாத்தா. "செத்த மரத்திலை இவ்வளவு வாசமோ" எண்டு இங்கிலீசிலை கேட்டா. ஷெட் முழுக்க அந்த வாசம்தான். முதலாளி சூளைக் கதையைச் சொன்னார். அவவும் சரியெண்டா. முடிஞ்சுது எண்டுதான் நினைச்சனான்.

அன்பரசன் விடேல்லை. அவன் ஒரு பலகையைத் திருப்பிப் பாத்துப்போட்டு என்னட்டைத் தமிழிலை கேட்டான். "சார், நீங்கதானே வாங்கினீங்க. வாசல்ல போர்டுல எழுதப் போறோம். என் பேர்லதான் சான்று போகும். இது செத்த மரம்தானா?"

எனக்கு உன்ரை ஞாபகம் வரேல்லை. அதை முதலிலை சொல்லிப்போடுறன். காட்டின்ரை ஞாபகமும் வரேல்லை. மே மாசம் நான் பாத்துப்போட்டு எழுத மாட்டன் எண்டு சொன்னன் அல்லோ, அதுதான் வந்தது. அண்டைக்கு அடுக்கைக் கிண்டி ஒரு பட்டை ஓரத்தை எடுத்தன். பட்டைக்குக் கீழை வெள்ளை. பட்டையிலை ஒரு துளை, துளை முழுக்கக் கட்டிப் பிசின். சுரண்டினால் உள்ளுக்கை அந்த வண்டு, கால் விரிச்சபடி, கண்ணாடிக்குள்ளை நிக்கிற மாதிரி. உள்ளுக்குப் போகவே இல்லை. மரம் விடேல்லை. அதை நான் என்ரை கண்ணாலை கண்டனான். கண்டதை அவன் என்ரை முகத்தைப் பாத்துக் கேக்கிறான்.

"இல்லை தம்பி" எண்டன். "உயிரோடை நிண்ட மரம். வண்டை வெண்ட மரம். செத்ததெண்டு போர்டு வைச்சால் பொய்."

அந்த மனிசிக்கு அன்பரசன் மொழிபெயர்த்தான். அவ கையை எடுத்திட்டா. முதலாளி என்னைப் பாத்த பார்வையை நான் எழுதேலாது.

ஓர்டர் கையை விட்டுப் போச்சுது. அவை போனாப்பிறகு முதலாளி சத்தம் போடேல்லை. "உங்களுக்கு எப்பலருந்து தெரியும்?" எண்டு மட்டும் கேட்டார். மே மாசம் எண்டன். "அப்ப எங்கிட்ட சொல்லியிருக்கணும்ல. நானே அந்த மில்லுக்காரன் சட்டையைப் பிடிச்சிருப்பேன்ல. வந்தவங்க முன்னாடி என்னையப் பொய்யனாக்கிட்டீங்களே தம்பி." சொல்லியிருக்கலாம். உனக்கும் எழுதேல்லை, அவருக்கும் சொல்லேல்லை. ரெண்டு பக்கமும் மறைச்சு வைச்சுக்கொண்டு நடுவிலை நிண்டு ஒருத்தருக்கும் இல்லாமல் போனன்.

சரி. போனது போச்சுது. பட்டை ஓரப் பலகையிலை துண்டு வெட்டி, அந்த வண்டு இருக்கிற துண்டையும் சேர்த்துக் கூரியரிலை உன்ரை வழக்கறிஞருக்கு அனுப்பியிருக்கிறன். முதலாளிக்குச் சொல்லிப்போட்டுத்தான். "அனுப்புங்க, அவனுக்கும் கொஞ்சம் வலிக்கட்டும்" எண்டு அவரே பலகைக் கட்டிலை இருக்கிற மில் முத்திரை தெரியப் படம் எடுக்கச் சொன்னார். என்ரை கடிதமும் அதிலை இருக்கு, இங்கிலீசிலை. பிழையிருந்தால் திருத்தாதை, அப்பிடியே குடு.

முதலாளி எனக்கு என்ன செய்யப்போறார் எண்டு இன்னும் சொல்லேல்லை. வத்சலா கதைக்கிறேல்லை.

துஷாந்தன்


ஹார்லன் க்ரீக்
20 ஜூலை 2025

அண்ணா,

இதை வாயாலை கதைக்கிற மாதிரித்தான் எழுதிறன். உங்களோடை கோபம் இல்லை. மற்ற எல்லாரோடையும் இருக்கு.

விசாரணை முடிஞ்சுது. உங்கடை துண்டுகளை மேசையிலை வைச்சினம். அந்தச் சின்ன மண்டபம் முழுக்க பிசின் வாசம். கம்பனி ஆள் எழும்பி, "இது நடுமரம், நடுவிலை நீலம் ஏறாது" எண்டான். நான் பட்டை ஓரத்தைத் திருப்பி, அந்த வண்டைக் காட்டினன். குழுத் தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழட்டிப்போட்டுக் கிட்டவாப் பாத்தார். "இது உள்ளே போகவில்லையா?" எண்டு கேட்டார். "போக மரம் விடவில்லை" எண்டன். உங்கடை கடிதத்திலையும் அதே வசனம் இருந்தது. அதை அவர் சத்தமா வாசிச்சார்.

முடிவு என்னெண்டால், ஏரிச் சரிவிலை இந்த வருஷம் இனி வெட்டேலாது. வெளியாக்கள் வந்து திரும்ப ஆய்வு செய்வினம். அதுக்குப் பிறகுதான் மிச்சம். சந்தோசப்பட வேண்டிய விசயம்தானே, ஆனால் எனக்கு ஆத்திரம்தான் வருது. மேல் பாதி போயிட்டுது, அதுக்கு ஆரும் பொறுப்பில்லை. "விளக்கத்தில் ஏற்பட்ட வேறுபாடு" எண்டு தீர்ப்பிலை எழுதியிருக்கினம். மூண்டு வருஷம் நான் எழுதினதை ஒருத்தரும் நம்பேல்லை, துபாயிலையிருந்து வந்த ஒரு துண்டுப் பலகையை ஒரு மணித்தியாலத்திலை நம்பிச்சினம். என்ரை அத்துமீறல் வழக்கு அப்பிடியே நிக்குது.

ஆய்வுக்கு வந்த ஆக்கள் என்னைத் தேடிக் கடைக்கு வந்தவை. வழி தெரியாதாம், கூட நடந்து காட்டுவீரோ எண்டு கேட்டினம். அறிக்கையிலை என்ரை பேர் வராது. வழிகாட்டிதான். கதவை அடிச்சுச் சாத்த வேணும் போலை இருந்தது. பேந்து என்ன, சப்பாத்தைக் கட்டிக்கொண்டு போனன். நான் போகாட்டில் செத்ததுக்கும் தப்பினதுக்கும் வித்தியாசம் ஆர் காட்டுறது?

வண்டு இந்தக் கோடையும் பறக்குது. கீழ்ச் சரிவிலை புதுத் துளையள், புதுப் பிசின். சில மரம் தோக்கும், அது சரி, தோக்கத்தான் வேணும். நேற்று ஒரு தோத்த மரத்திலை மரங்கொத்தி பட்டையை உரிச்சு உரிச்சுத் திண்டுகொண்டிருந்தது. எங்களைக் கண்டும் பறக்கேல்லை. வந்த ஆக்களிலை ஒரு பிள்ளை, "இந்த மரத்தை வெட்டி எடுக்க வேண்டாமா?" எண்டு கேட்டாள். "விடு, இஞ்சை சாப்பாடு நடக்குது" எண்டு சொன்னன். அவள் சிரிச்சாள். நான் எவ்வளவு நாளுக்குப் பிறகு ஒரு வேலை விசயத்திலை ஒரு ஆளைச் சிரிக்க வைச்சன் எண்டு யோசிச்சுப் பாத்தன்.

உங்கடை வேலை என்ன மாதிரி? மறைக்காமல் எழுதுங்கோ. அம்மாவைக் கேட்டால் மழுப்புறா.

கஜாலினி


அல் கோபார், சவூதி
17 ஓகஸ்ட் 2025

தங்கச்சி,

மேலை ஊர்ப் பேரைப் பாத்தவுடனை விளங்கியிருக்கும். முதலாளிக்கு இஞ்சை ஒரு சின்னக் கிளை. அலுமினியக் குழாய், ஆணி, பூட்டு. மரம் மாஃபி, இல்லவே இல்லை. என்னை நிப்பாட்டேல்லை, மாத்தினவர். "தம்பி, நீங்க நல்ல மனுசன், ஆனா இனிமே கஸ்டமர் முன்னாடி உங்களை நிறுத்த எனக்குத் தைரியம் இல்ல" எண்டு முகத்துக்கு நேரை சொன்னார். அவரிலை எனக்குக் குறை சொல்லவும் வருதில்லை, மன்னிக்கவும் வருதில்லை. மேனேஜர் பதவி போயிட்டுது. ரூமிலை திரும்பவும் ஆக்களோடை ஆக்கள். பக்கத்துக் கட்டில்காரன் குறட்டை விடுறதிலை கட்டிடமே அதிருது.

வத்சலாவும் பிள்ளையளும் மானிப்பாய்க்குப் போயிட்டினம். குடும்ப விசாவுக்கு இஞ்சை என்ரை வேலைத் தரம் காணாது. எயார்போட்டிலை சந்தியா என்னைத் திரும்பிப் பாக்கேல்லை. ரம்ஸியா குடுத்த ஒரு கைச்சங்கிலியைச் சுத்திச் சுத்திப் பாத்துக்கொண்டே உள்ளுக்குப் போனாள். இப்ப அங்கை பள்ளிக்கூடத்திலை தமிழிலை எழுதத் தெரியாமல் முழிக்கிறாளாம். "ஆர் கேட்டவை உங்களை வாயைத் திறக்கச் சொல்லி" எண்டு வத்சலா போனிலை கேக்கிறாள். அவள் கேக்கிறது நியாயம். அவளுக்கு ஒரு மரத்தையும் தெரியாது.

நீ போன கிழமை எழுதினதும் கிடைச்சது. நான் பெரிய விசயம் செய்திருக்கிறன் எண்டு எழுதியிருக்கிறாய், உங்கடை கீழ்ச் சரிவிலை நிக்கிற மரமெல்லாம் என்ராலை நிக்குதெண்டு. கஜாலினி, இனி அப்பிடி எழுதாதை. எனக்கு அந்த மரத்தைத் தெரியாது. நான் அதிலை ஒண்டையும் நிண்டபடி கண்டதில்லை. எனக்குத் தெரிஞ்சது பலகைதான். நான் இழந்தது என்ரை பிள்ளையோடை இருந்து சாப்பிடுற இரவுச் சாப்பாடு. அந்த ரெண்டையும் ஒரு தராசிலை வைக்க என்னாலை ஏலாது, நீயும் வைக்காதை.

உன்னிலை எனக்கு இன்னும் கோபம் இருக்கு. ஏன் எண்டும் சொல்லுறன். அண்டைக்குப் பிறகு எத்தினையோ தரம் மனசுக்கை அந்த ஷெட்டுக்குத் திரும்பிப் போயிட்டன். முதலாளி நிக்கிறார், அந்த மனிசி நிக்கிறா, அன்பரசன் பலகையைத் திருப்பிப்போட்டு என்ரை முகத்தைப் பாக்கிறான். ஒவ்வொரு தரமும் இந்த முறை பேசாமல் நிப்பம், வத்சலாவை நினைப்பம், சந்தியாவை நினைப்பம் எண்டுதான் போறன். ஒவ்வொரு தரமும் வாயிலை "இல்லை தம்பி" எண்டுதான் வருது. பட்டை ஓரத்தைப் பார் எண்டு எனக்குச் சொன்னது நீ.

நான் செய்தது சரியெண்டு சொல்லி என்னைத் தேற்றாதை. சரியெண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சபடியாலைதான் இந்தக் கோபம் போகமாட்டன் எண்டு நிக்குது.

அண்ணா
துஷாந்தன்